தெக்கினி திறக்கிறது! பழைய படங்கள் வட்டுக்கு வரும் கதை

(மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



நம்ம பத்மநாபபுரம் அரண்மனைக்கு வண்டி பிடித்து வருகிறவர்களில் பலர் கேட்கும் கேள்வி, 'இதை மார்த்தாண்ட வர்மா எப்போது புதுப்பித்தார்' என்பதல்ல. 'மணிச்சித்திரத்தாழ் எடுத்த எடம் எங்கே?' என்பதுதான்! மரவேலை, மூலிகைச் சாயம் தீட்டிய சுவரோவியம், கண்ணாடி போல மின்னும் கருந்தரை எல்லாம் அப்புறம். முதலில் சோபனா. என்ன செய்ய? சினிமாவின் சக்தி அப்படி.

ஃபாசில் இயக்கிய அந்தப் படம் 1993-ல் வந்தது. நம் அரண்மனையிலும் திருப்பூணித்துறை ஹில் பாலஸிலும் படப்பிடிப்பு நடந்தது. சோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. தமிழில் 2005-ல் 'சந்திரமுகி' ஆனது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரி, இந்த ஆண்டு மலரில் இதை எதற்கு எழுதுகிறான் என்கிறீர்களா? அந்தப் படம் 2024 ஆகஸ்டில் 4கே தரத்தில் திரும்பவும் தியேட்டருக்கு வந்தது. முப்பது வருடம் கழித்து வந்த படத்தை, அது வந்தபோது பிறக்காத நம்மைப் போன்றவர்கள் போய்ப் பார்த்தோம். அன்று முதல் எனக்கு ஒரே குடைச்சல். பழைய ஃபிலிம் எப்படித் திரும்பவும் புதுசாகிறது? உலகத்துப் பழைய படங்கள், நல்ல படங்கள், வட்டில் எப்படி வருகின்றன? எவை வராமலே போகின்றன? நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன். நம் பாடத்தோடும் கொஞ்சம் தொடர்பு உண்டு, ஆகவே பயப்படாமல் படியுங்கள். பரீட்சைக்கு வராது.

முதலில் நம் மாவட்டத்துக் கதை. இரண்டு ஊமைப் படங்கள். ஒன்று அழிந்தது, ஒன்று பிழைத்தது.

அகஸ்தீஸ்வரத்தில் 1900-ல் பிறந்தவர் ஜே.சி. டேனியல். மலையாளத்தின் முதல் படம் என்று சொல்லப்படும் 'விகதகுமாரன்' அவர் எடுத்தது. கதை, இயக்கம், தயாரிப்பு, நடிப்பு எல்லாம் அவரே. சொத்தை விற்றுப் படம் பிடித்தார். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையிட்டார்கள். வருடம் 1930 என்பார்கள், 1928 என்றும் சொல்வதுண்டு. நாயகியாக நடித்த பி.கே. ரோஸி ஒரு தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண். நாயர் பெண்ணாக எப்படி நடிக்கலாம் என்று மேல்சாதிக்காரர்கள் கலவரம் செய்து அவரை ஊரை விட்டே ஓட வைத்தார்கள். டேனியல் கடன்பட்டு, சினிமாவை விட்டு, பல் வைத்தியராகப் பிழைத்து, 1975-ல் காலமானார். இன்று கேரள அரசு சினிமாவுக்குக் கொடுக்கும் பெரிய விருதே அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அவர் எடுத்த படம்? ஒரு சுருள் கூட இல்லை. வீட்டில் இருந்த பிரதியைச் சின்ன வயதில் மகனே விளையாட்டாகத் தீயில் போட்டு எரித்தான் என்று சொல்லப்படுகிறது. அந்தக்கால ஃபிலிம் நைட்ரேட். தீக்குச்சி போலப் பற்றும், பிள்ளைக்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டாவது படத்தின் பெயரே 'மார்த்தாண்ட வர்மா'. நம் அரண்மனையை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்த அதே ராஜா. சி.வி. ராமன் பிள்ளை 1891-ல் வெளியிட்ட நாவலை வைத்து 1933-ல் எடுத்தார்கள். இயக்கியவர் பி.வி. ராவ், தயாரித்தவர் நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ். அதாவது நம்ம ஊர்க்காரர். நாவலைப் பதிப்பித்தவர்களிடம் உரிமை வாங்கவில்லை என்று வழக்கு வந்தது. திரையிட்ட சில நாட்களிலேயே படத்தை நிறுத்திவிட்டார்கள். சுருள்கள் பதிப்பாளர் பக்கம் போய் முடங்கின. 1974-ல் பூனாவில் உள்ள தேசிய ஃபிலிம் ஆவணக் காப்பகம் அதை மீட்டது. தென்னிந்திய ஊமைப் படங்களில் நமக்கு மிஞ்சியது என்று எல்லோரும் காட்டுவது இதைத்தான்.

யோசித்துப் பாருங்கள் மக்கா... வீட்டில் பத்திரமாக இருந்த படம் போய்விட்டது. கேஸில் மாட்டின படம் பிழைத்துக்கொண்டது! ஓடியிருந்தால் பிரிண்டு கிழிந்து குப்பைக்குப் போயிருக்கும். வழக்குப் போட்ட புண்ணியவான் நமக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. அதன் பிரதி இன்று இல்லை. இப்படி இல்லாமல் போனவற்றின் பட்டியலைப் போட்டால் இந்த மலர் முழுவதும் போதாது.

இனி டெக்னிக்கல் சமாச்சாரத்துக்கு வருவோம்.

ஃபிலிமுக்கு மூன்று எதிரிகள். தீ, ஈரம், அலட்சியம். 1950-களின் ஆரம்பம் வரை உபயோகித்தது நைட்ரேட் ஃபிலிம். பூனாவில் சேமித்து வைத்திருந்த நைட்ரேட் சுருள்கள் ஏராளமாக 2003 ஜனவரியில் தீயில் போயின. அதன் பிறகு வந்த அசிடேட் ஃபிலிம் எளிதில் எரியாது, ஆனால் அழுகும். சூடும் ஈரமும் சேர்ந்தால் அசிட்டிக் அமிலம் வெளியாகும். டப்பாவைத் திறந்தால் வினிகர் வாசனை குப்பென்று வரும். ஃபிலிம் சுருங்கி, வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு டப்பாவில் ஆரம்பித்தால் அந்த ஆவி பக்கத்து டப்பாவையும் கெடுக்கும். வருடத்துக்கு இரண்டு மழை பெய்கிற நம் ஊர்க்காரர்களுக்கு ஈரத்தைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டாம்.

மீட்டெடுப்பது என்றால் என்ன? முதலில் இருப்பதிலேயே நல்ல பிரதியைத் தேட வேண்டும். கேமராவில் ஓடிய ஒரிஜினல் நெகட்டிவ் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் அதிலிருந்து எடுத்த டூப் நெகட்டிவ், அதுவும் இல்லாவிட்டால் தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்டு. கிழிசலை ஒட்டி, சுத்தம் செய்து, ஒவ்வொரு ஃபிரேமாக ஸ்கேன் செய்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 90 நிமிடப் படம், விநாடிக்கு 24 ஃபிரேம். மொத்தம் 1,29,600 ஃபிரேம். 4கே ஸ்கேனில் ஒரு ஃபிரேம் 4096 × 3112 புள்ளி, புள்ளிக்கு 4 பைட் என்றால் சுமார் 51 எம்பி. பெருக்குங்கள். கிட்டத்தட்ட 6.6 டெராபைட்! சாதாரண 4.7 ஜிபி டிவிடி என்றால் ஆயிரத்து நானூறு வட்டு வேண்டும். அதைச் சுருக்கி ஒரே வட்டில் அடைப்பதுதான் கம்ப்ரஷன். நாம் இரண்டாம் வருடம் தூங்கிக்கொண்டு கேட்ட அதே பாடம்.

ஸ்கேன் ஆனபிறகு கீறல், தூசி, ஆட்டம், நிறமங்கல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஆள் உட்கார்ந்து சரி செய்ய வேண்டும். மெஷின் தானாகச் செய்யும் என்று நினைக்காதீர்கள். மெஷினை முழுக்க நம்பினால் மழைத்துளியைத் தூசி என்று நினைத்து அழித்துவிடும்!

இதற்கு நல்ல உதாரணம் சத்யஜித் ராயின் அப்பு படங்கள் மூன்று. அவற்றின் நெகட்டிவ் 1993-ல் லண்டனில் ஒரு லேப் தீப்பிடித்தபோது கருகியது. கருகியதையும் தூக்கி எறியாமல் அமெரிக்காவில் ஆஸ்கர் அகாடமி பாதுகாத்து வைத்திருந்தது. இருபது வருடம் கழித்து இத்தாலியின் பொலோனா நகரத்து லேபில் அந்தச் சுருள்களுக்கு ஈரப்பதம் ஏற்றி, விரித்து, ஓரத்துத் துளைகளைக் கையால் திருத்தி, சுமார் ஆயிரம் மணி நேரம் வேலை பார்த்தார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் நாற்பது சதவீதமும் 'அபராஜிதோ'வில் அறுபது சதவீதத்துக்கு மேலும் அந்தக் கருகின நெகட்டிவிலிருந்தே எடுக்க முடிந்தது. மூன்றாவது படத்துக்கு முடியவில்லை, வேறு பிரதிகளை உபயோகித்தார்கள். 2015-ல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் கம்பெனி மூன்றையும் வட்டாக வெளியிட்டது. 1984-ல் லேசர் டிஸ்க்கில் 'சிட்டிசன் கேன்' வெளியிட்டு ஆரம்பித்த கம்பெனி அது. பழைய உலக சினிமாவை மரியாதையோடு வட்டில் போடுவது எப்படி என்று மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுத்ததே அவர்கள்தான் என்பது என் அபிப்பிராயம்.

நமக்கு இன்னும் பக்கத்துக் கதை 'கல்பனா'. உதயசங்கர் இயக்கி ஆடிய நாட்டியப் படம், 1948. பேசுவது இந்தி, எடுத்தது மெட்ராஸ் ஜெமினி ஸ்டுடியோவில். ஒளிப்பதிவு கே. ராம்நாத். திருவிதாங்கூர் சகோதரிகளில் பத்மினி சினிமாவில் முதலில் தலைகாட்டியது இதில்தான். மார்ட்டின் ஸ்கார்செசி ஆரம்பித்த உலக சினிமாத் திட்டத்தில் இதை மீட்டெடுத்து 2012-ல் கான் விழாவில் காட்டினார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க வட்டாக வந்தது எப்போது? 2022-ல்! அத்திட்டத்தின் நான்காவது பெட்டியில், அங்கோலா, ஈரான், கேமரூன் படங்களோடு சேர்த்து. விழாவுக்கும் வட்டுக்கும் நடுவில் பத்து வருடம். 'சீக்கிரம் வட்டில் வரும்' என்று எங்காவது செய்தி படித்தால் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உரிமை யாருடையது என்பதைத் தீர்க்கவே பாதி ஆயுள் போய்விடும்.

மலையாளத்தில் ஜி. அரவிந்தனின் 'கும்மாட்டி' (1979). மந்திரவாதி ஒருவன் பிள்ளைகளை மிருகங்களாக்கி விளையாடுவான். ஒரு பையன் மட்டும் நாயாகவே நின்றுவிடுவான். நெகட்டிவ் போய்விட்டது. பூனாக் காப்பகத்தில் இருந்த பிரிண்டுகளை வைத்து, மும்பை ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் ஸ்கார்செசியின் ஆட்களும் பொலோனா லேபும் சேர்ந்து 2021-ல் மீட்டார்கள். நிறம் சரிபார்க்க ஒளிப்பதிவாளர் ஷாஜி என். கருண் உதவினார். 2025-ல் அவர் காலமாகிவிட்டார். நாலு வருடம் தாமதித்திருந்தால் அந்தப் புல்வெளி எந்தப் பச்சை என்று சொல்ல ஆளில்லை! இந்த வேலையில் அவசரம் என்று சொல்வது இதைத்தான். அரவிந்தனின் 'தம்பு' (1978) அடுத்தபடியாக மீட்கப்பட்டு 2022-ல் கானில் காட்டப்பட்டது. அதில் ஒரு பங்கு வேலை நடந்தது சென்னை பிரசாத் லேபில். இரண்டு படங்களையும் தயாரித்தவர் கொல்லத்து முந்திரி வியாபாரி ரவீந்திரநாதன் நாயர். முந்திரி விற்ற காசில் இப்படியும் செய்யலாம் என்று நம் பக்கத்து முதலாளிகள் யாராவது குறித்துக்கொண்டால் தேவலை. அவர் தயாரித்த அடூரின் 'எலிப்பத்தாயம்' (1981) லண்டன் செகண்ட் ரன் கம்பெனியின் டிவிடியாக வந்தது.

தமிழ் எங்கே என்கிறீர்களா? எனக்கும் அதுதான் வருத்தம். 'கர்ணன்' (1964) படத்தை 2012-ல் டிஜிட்டலில் புதுப்பித்துத் திரையிட்டபோது நூறு நாளுக்கு மேல் ஓடியது. 2024-ல் 'கில்லி'க்குக் கூட்டம் எப்படி என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆக, பார்க்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நட்சத்திரம் இல்லாத படத்தை யார் மீட்பது? ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆயிரம் பேர், நல்ல பிரதியில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மத்திய அரசு 2022-ல் சுமார் 2,200 படங்களை மீட்கப்போவதாக அறிவித்தது. அப்படிப்பட்ட பட்டியல்களில் நம்முடையவற்றுக்கும் இடம் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

மீட்பது வேறு, மாற்றுவது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூனில் பொலோனா விழாவில் 'ஷோலே' படத்தை, எமர்ஜென்சி காலத்தில் சென்சார் மாற்றச் சொன்ன முடிவை நீக்கி, முதலில் எடுத்த முடிவோடு காட்டினார்கள். இது மீட்பு. அதே 2025 ஆகஸ்டில் தனுஷ் நடித்த 'அம்பிகாபதி'யை, கம்ப்யூட்டர் அறிவு கொண்டு புதிதாக ஒரு சுப முடிவு செய்து ஒட்டி வெளியிட்டார்கள். இயக்குநரும் ஒத்துக்கொள்ளவில்லை, தனுஷும் ஒத்துக்கொள்ளவில்லை. இது என்ன நியாயம்? நாளைக்கு நம் அரண்மனையின் பழைய மரத்தூணைப் பிடுங்கிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்து 'மேம்படுத்தினோம்' என்பார்களா?

வட்டு வாங்க நினைப்பவர்களுக்குச் சில சங்கதிகள். ஒவ்வொரு கருவியாகப் பார்த்தால், விஎச்எஸ் கேசட்டில் படுக்கைவாட்டில் சுமார் 240 கோடு விவரம்தான் தெரியும். விசிடியில் 352 × 288 புள்ளி. மூன்று மணிப் படத்துக்கு மூன்று வட்டு, சரியாக பாட்டு நடுவில் மாற்றச் சொல்லும்! டிவிடி 720 × 576. ப்ளூரே 1920 × 1080. 4கே வட்டு 3840 × 2160. இதற்குக் காரணம் லேசரின் அலைநீளம். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, ப்ளூரேக்கு 405. கதிர் மெலிய மெலியக் குழியைச் சின்னதாக வெட்டலாம், அவ்வளவுதான் ரகசியம்.

முக்கியமானது ரீஜியன் பூட்டு. டிவிடியில் இந்தியா 5-வது ரீஜியன், ப்ளூரேயில் 'சி'. அமெரிக்க ப்ளூரே பெரும்பாலும் 'ஏ'. என் கூட்டுக்காரன் ஒருத்தனுக்குக் கல்ஃபில் இருக்கும் அத்தான் ஆசையாக ஒரு அமெரிக்க வட்டு வாங்கி அனுப்பினார். வீட்டுப் பிளேயர் துப்பிவிட்டது. "லே, அத்தான் துட்டு கடல்ல போச்சு கேட்டியா" என்று ஒரு வாரம் புலம்பினான். 4கே வட்டுக்கு ரீஜியன் பூட்டு கிடையாது. ஆகவே வாங்குமுன் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 'ஒரிஜினல் நெகட்டிவிலிருந்து' என்றிருந்தால் நல்லது. பழைய டிவிடிகளில் இன்னொரு கூத்து உண்டு. விநாடிக்கு 24 ஃபிரேம் படத்தை டிவிக்காக 25-ல் ஓட்டுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். ஸ்பீடைச் சரிக்கட்டாவிட்டால் பாட்டின் சுருதியும் அரை ஸ்வரத்தில் முக்கால் பங்கு அளவுக்கு ஏறிவிடும். இளையராஜா பாட்டை நோட்டு எழுதிப் பழகுகிறவர்கள் கவனம்! படத்தில் மெல்லிய மணல் போலத் துகள் தெரிந்தால் திட்டாதீர்கள். ஃபிலிமில் உள்ள வெள்ளியின் இயல்பு அது. அதை முழுக்க வழித்தெடுத்தால் சிவாஜி முகம் மெழுகு பொம்மை ஆகிவிடும்.

இந்தியாவில் வட்டு வியாபாரம் ஏறக்குறைய முடிந்த கதை. 2007-ல் மோசர்பேயர் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று இறக்கியபோது பெட்டிக்கடையில் கூடப் படம் தொங்கியது என்பார்கள். அந்தக் கம்பெனியும் போய்விட்டது. வெளிநாட்டுத் தமிழர்களுக்கு லண்டன் ஐங்கரன் டிவிடிகள் இருந்தன. இப்போது எல்லாம் ஃபோனில். ஃபோனில் இருப்பது நம் கையில் இருப்பது ஆகாது. உரிமம் முடிந்தால் ஒரே ராத்திரியில் காணாமல் போகும், கேட்க நாதி இல்லை. வட்டு அலமாரியில் கிடக்கும்.

என் மாமா தக்கலைப் பக்கம் பல வருடம் வீடியோ கடை வைத்திருந்தார். கடை மூடியும் கேசட்டுகளை மச்சில் வைத்திருக்கிறார். போன லீவில் இறக்கிப் பார்த்தோம். பாதியில் வெள்ளையாகப் பூஞ்சை. சினிமாப் படங்கள் போனால் போகட்டும், வேறெங்காவது இருக்கும். அந்தக் கட்டில் ஊர்க் கல்யாணங்கள், கோயில் கொடை, பள்ளி ஆண்டுவிழா என்று அவர் ஆள் வைத்து எடுத்த கேசட்டுகளும் கிடந்தன. "மக்ளே, இதுல பேசிட்டு நிக்கவிய பாதிப் பேரு இப்ப இல்ல பாத்துக்கோ" என்றார் மாமா. அவற்றுக்கு உலகத்திலேயே அந்த ஒரு பிரதிதான்! ஸ்கார்செசி வரமாட்டார். வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனி, ஜப்பானின் ஃபுனாய், 2016-ல் நிறுத்திவிட்டது. இருக்கும் மெஷின் ஓடும்வரைதான்.

ஆகவே வீட்டில் கேசட் இருப்பவர்களுக்கு: பூஞ்சை தெரிந்தால் மெஷினில் போடாதீர்கள். விநாடிக்கு 25 முறை சுற்றும் ஹெட் டிரம்மில் பூஞ்சை அப்பிக்கொண்டால் மெஷினும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டும் கெடும். ஈரமில்லாத இடத்தில், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். டிவி ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம், காந்தம் ஆகாது. சுத்தமாக இருந்தால் முதலில் கடைசிவரை ஒருமுறை ஓட்டி, திருப்பிச் சுற்றி, டேப்பின் இறுக்கத்தைச் சரியாக்கிவிட்டுப் பதிவு செய்யுங்கள். வி.சி.ஆரின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரை ஒரு கேப்சர் டாங்கிளில் கொடுத்தால் கம்ப்யூட்டரில் ஏறும். மூன்று மணிக் கேசட்டுக்கு மூன்று மணி நேரமும் வேண்டும், அவசரப்பட வழியில்லை. பதிந்ததை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரில்.

மாமாவின் வி.சி.ஆரை பெல்ட் மாற்றி ஓட வைத்திருக்கிறோம். இதுவரை பதினொரு கேசட் ஏற்றியாயிற்று. கொண்டுவருகிறவர்கள் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எங்கள் துறையில் வந்து கேளுங்கள். கேசட்டின் மேல் பெயரும் வருடமும் எழுதிக் கொண்டுவந்தால் புண்ணியமாகப் போகும்.